பத்தாண்டுக்கு ஒன்றாகக் கருமருந்துத் துப்பாக்கி நகல்கள்: குறைந்த செலவில் சேர்க்க வழி என்ன?

எழுதியவர்: இளங்கோ, பென்சில்வேனியா

அனைவருக்கும் வணக்கம். நான் பென்சில்வேனியாவுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு வேலி ஃபோர்ஜுக்கும் கெட்டிஸ்பர்க்குக்கும் பலமுறை சென்றிருக்கிறேன். 1777–78 குளிர்காலத்தில் வாஷிங்டனின் படை வேலி ஃபோர்ஜில் தங்கியிருந்தபோது வீரர்கள் வைத்திருந்தவை சக்கிமுக்கிக் கல்லை உரசிப் பொறி எழுப்பிச் சுடும் துப்பாக்கிகள். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் மோதியவர்களிடம் பெரும்பாலும் இருந்தவை கேப் (தட்டினால் தீப்பொறி எழும் சிறு உலோக மூடி) வைத்துச் சுடுபவை, குழலுக்குள் சுருள்வரி வெட்டியவை. இடையில் கழிந்த 85 ஆண்டுகளில் என்னதான் நடந்தது என்று என் மகள் கேட்டாள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றுகொண்டு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆனாலும் அந்த மாற்றத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் விளங்கும் என்று அன்றே தோன்றியது.

அசல் பழம்பொருள்களை வாங்க எனக்கு வசதியில்லை. எனவே இத்தாலியில் செய்து இங்கே விற்கப்படும் கருமருந்துத் துப்பாக்கி (புகை கக்கும் பழங்கால வெடிமருந்தால் சுடுவது) நகல்களில், 1770களிலிருந்து 1870கள் வரை பத்தாண்டுக்கு ஒன்றாகச் சேர்க்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். ஆண்டுக்கு 700 முதல் 800 டாலர் வரை ஒதுக்க முடியும். அவசரம் எதுவும் இல்லை. விற்பனைப் பட்டியல்களில் பெயரோடு ஆண்டும் போட்டிருப்பதால் அதை வைத்தே ஒரு வரிசை போட்டேன். 1770களுக்கு பிரவுன் பெஸ், 1830களுக்கு ஹாக்கன், 1840களுக்கு வாக்கர், 1850களுக்கு ‘1851 நேவி’யும் ‘1858 ரெமிங்டனும்’, 1860களுக்கு ‘1860 ஆர்மி’, 1870களுக்கு ‘1873’ என்பது அந்த வரிசை. நேவி வகையில் 44 காலிபரில் (குழலின் உள்விட்ட அளவு) பித்தளைச் சட்டகம் கொண்ட ஒன்று மிக மலிவாகக் கிடைக்கிறது. முதலில் அதைத்தான் வாங்க நினைக்கிறேன்.

இந்த வரிசை சரிதானா? எதிலிருந்து தொடங்குவது நல்லது? பழையதாகக் கைமாறி வருவதை வாங்கலாமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.


எழுதியவர்: முத்துவேல், டெக்சஸ்

வணக்கம் தம்பி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் செய்துவரும் வேலையைத்தான் நீங்களும் தொடங்கப் போகிறீர்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் செலவழித்த பணம் கொஞ்சமல்ல. பெயரில் இருக்கும் ஆண்டும் அந்தத் துப்பாக்கி புழங்கிய காலமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பட்டியலில் உள்ள ஆண்டுகளை வைத்து வரிசை போட்டால் சில பத்தாண்டுகள் இரட்டிப்பாகும், சில வெறுமையாக நிற்கும்.

உங்கள் ‘1858 ரெமிங்டனையே’ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குழலில் 1858 செப்டம்பர் 14 என்று பொறித்திருப்பது காப்புரிமை வழங்கப்பட்ட நாள். நகலாகக் கிடைக்கும் அந்த வடிவம், அதாவது நியூ மாடல் ஆர்மி, 1863இல்தான் உற்பத்திக்கு வந்தது. மருந்தும் குண்டும் இடும் அறைகளோடு சுழலும் உருளையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், கேப் அமரும் முளைகளுக்கு நடுவே சிறிய வெட்டுப் பள்ளங்கள் தெரியும். ஆறு அறைகளையும் நிரப்பிய பிறகு குதிரையை (கேப்பைத் தட்டும் சுத்தியை) அந்தப் பள்ளத்தில் இறக்கி வைத்தால், தவறிக் கீழே விழுந்தாலும் வெடிக்காது. அந்தப் பள்ளங்கள் இருந்தால் அது நியூ மாடல். 1850களின் வரிசையில் அதற்கு இடமில்லை. 1860களின் பிற்பாதியில் வையுங்கள். அது 1870களின் நடுப்பகுதி வரை உற்பத்தியில் இருந்தது என்பதால், உங்கள் கடைசிப் பத்தாண்டின் வாசலுக்கும் அதுவே துணையாகும்.

அடுத்து அந்த மலிவான பித்தளைச் சட்டக ‘1851 நேவி 44’. தயவுசெய்து முதலில் அதை வாங்காதீர்கள். கோல்ட் நிறுவனம் செய்த 1851 நேவி 36 காலிபர். அதன் சட்டகம் இரும்பு. இரண்டு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட அந்த வகையில் 44 காலிபர் கிடையாது. பட்டியலில் இருப்பது இக்காலத்தில் உருவான கலவை. ஆனால் பித்தளைச் சட்டகத்துக்கு உண்மையான வரலாறு ஒன்று உண்டு, அதுவும் 1860களுக்கு உரியது. உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களுக்கு இரும்பும் எஃகும் தட்டுப்பாடாயின. ஜார்ஜியாவில் மேக்கன் நகருக்கு அருகே பருத்தி அரவை எந்திரங்கள் செய்துகொண்டிருந்த சாமுவேல் கிரிஸ்வோல்டின் தொழிற்சாலை, 1862 முதல் கோல்ட் நேவியைப் பார்த்து 36 காலிபரில் பித்தளைச் சட்டக ரிவால்வர்களைச் செய்தது. ஏறத்தாழ 3,700 செய்யப்பட்டன. 1864 நவம்பரில் வடமாநிலத் தளபதி ஷெர்மனின் படையினர் அந்தத் தொழிற்சாலையை எரித்தார்கள். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். உங்கள் மகளுக்கு அந்தத் துப்பாக்கியைக் காட்டும் நாளில் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். இந்த ‘கிரிஸ்வோல்ட்’ நகல் 36 காலிபரிலேயே கிடைக்கிறது. குழலின் முன்பகுதி உருண்டையாக இருக்கும், உருளையில் சித்திரம் இருக்காது. இந்த இரண்டையும் பார்த்து வாங்குங்கள். விலையில் அந்தக் கலவைத் துப்பாக்கியைவிட அதிக வேறுபாடு இருக்காது.

பித்தளை மென்மையானது என்பதையும் மறக்காதீர்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் உருளை பின்னோக்கிச் சட்டகத்தை இடிக்கும். 36 காலிபரில் அளவான மருந்து வைத்தால் நெடுங்காலம் தாங்கும். 44 காலிபரில் தொடர்ந்து நிறைய மருந்து வைத்துச் சுட்டால், உருளையின் பற்சக்கர வடிவம் சட்டகத்தின் முகத்தில் முத்திரை குத்தியதுபோல் பதிந்துவிடும். என் முதல் ரிவால்வரில் அது நடந்தது. குழலுக்கும் உருளைக்கும் நடுவே தபால் அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்த பிறகுதான் காரணம் எனக்கு விளங்கியது.

1840களுக்கு வாக்கர் என்பது மிகச் சரியான தேர்வு. 1847இல் டெக்சஸ் ரேஞ்சரான சாமுவேல் வாக்கர் சொன்ன திருத்தங்களோடு சாமுவேல் கோல்ட் வடிவமைத்தது அது. அப்போது கோல்ட்டுக்குச் சொந்தமாகத் தொழிற்சாலை இல்லாததால், கனெக்டிகட்டில் இளைய எலி விட்னியின் ஆலையில் செய்து வாங்கினார். மொத்தம் 1,100 அளவில்தான் செய்யப்பட்டன. இரண்டு கிலோவுக்கு மேல் எடை. ஓர் அறைக்கு 60 கிரெயின் (மருந்தை அளக்கும் சிறு எடையளவு) வரை மருந்து கொள்ளும். வாக்கர் அதே ஆண்டு அக்டோபரில் மெக்சிகோவின் வாமாந்த்லாவில் போரில் இறந்தார். நகல் வாங்கிச் சுட்டால் ஒரு குறையை நீங்களே காண்பீர்கள்: பின்னுதைப்பில் குழலுக்கு அடியிலுள்ள குண்டு இடிக்கும் நெம்புகோல் தானாகக் கீழே தொங்கிவிடும். 1848இல் வந்த கோல்ட்டின் அடுத்த ரிவால்வரான டிராகூனில் அந்த நெம்புகோலின் நுனிக்கு ஒரு பிடிப்பு வைத்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, போர்க்களத்தில் கண்ட குறையை ஒரே ஆண்டில் எப்படித் திருத்தினார்கள் என்பது வாய் திறந்து சொல்லாமலே விளங்கும். எனக்கு இந்தச் சேகரிப்பில் மிகவும் பிடித்த இணை அதுதான்.

1850களுக்கு எஃகுச் சட்டகம் கொண்ட 36 காலிபர் 1851 நேவி ஒன்றே போதும். அதன் உருளையைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி பதிந்திருக்கும். 1843 மே 16 அன்று காம்பெச்சே அருகே டெக்சஸ் குடியரசின் கடற்படை மெக்சிகோவின் கப்பல்களோடு மோதிய காட்சி அது. நல்ல நகல்களில் அந்தத் தேதியையும் கண்ணாடி வைத்துப் படிக்கலாம்.

‘1873’ பற்றிச் சட்டத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, உலோகத் தோட்டா பயன்படுத்தாத பழைய முறைத் துப்பாக்கிகளின் நகல்கள் ‘பழம்பொருள்’ வகையில் அடங்கும். அதனால்தான் பல மாநிலங்களில் அவை தபாலில் வீட்டுக்கே வருகின்றன. மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம். நியூ ஜெர்சி போன்ற இடங்களில் விதிகள் கடுமையானவை. 1873 ரிவால்வர் உலோகத் தோட்டாவுக்கானது என்பதால், அதன் நகலை உரிமம் பெற்ற வணிகர் வழியாகத்தான் வாங்க வேண்டும். அதே வடிவில் கேப் வைத்துச் சுடும்படி செய்ததும் விற்பனைக்கு வந்திருக்கிறது. ஆனால் அப்படி ஒரு துப்பாக்கி வரலாற்றில் இருந்ததில்லை. கோல்ட் ஏன் 1860கள் முழுவதும் கேப்பிலேயே நின்றது என்று மகள் கேட்டால், அதற்கும் நல்ல விடை உண்டு. உருளையை முன்பின்னாகத் துளைத்துத் தோட்டாவைப் பின்னாலிருந்து போடும் முறைக்கு ரோலின் ஒயிட் 1855இல் காப்புரிமை பெற்றிருந்தார். அதன் உரிமை ஸ்மித் அண்டு வெஸ்ஸன் வசம் இருந்தது. 1869இல் அது காலாவதியான பிறகுதான் மற்றவர்களுக்கு வழி திறந்தது.

உங்கள் தொகைக்கு முதலாண்டில் எஃகுச் சட்டக 1851 நேவி ஒன்றும், ரெமிங்டன் நியூ மாடல் ஒன்றும் வாங்குங்கள். நான் அண்மையில் பார்த்தவரை இரண்டும் ஒவ்வொன்றும் 400 டாலரை ஒட்டியே இருந்தன. நீண்ட துப்பாக்கிகளைப் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்; அவர்கள் சொல்லட்டும்.


எழுதியவர்: சிவகாமி, டொரொன்டோ

வணக்கம். முத்துவேல் ஐயா ரிவால்வர்களைப் பற்றிச் சொன்னதோடு, எனக்குத் தெரிந்த சக்கிமுக்கித் துவக்குகளைப் பற்றியும் சேர்க்க விரும்புகிறேன். (எங்கள் ஊர் வழக்கில் துப்பாக்கி துவக்குத்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.) கனடாவில் சட்டமே என்னை இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது. கைத்துப்பாக்கி அல்லாத, சக்கிமுக்கி, திரி, சக்கரம் ஆகிய முறைகளில் தீ எழுப்பும் துவக்குகளின் நகல்கள் இங்கே பழம்பொருளுக்கு நிகராகக் கருதப்படுகின்றன. கேப் வைத்துச் சுடுபவற்றின் நகல்களுக்கு உரிமம் வேண்டும். கேப் ரிவால்வர் நகல் கைத்துப்பாக்கி என்பதால், அதன் கட்டுப்பாடு இன்னும் பெரிது. ஆகவே 1840க்குப் பிந்திய உலகம் எனக்கு ஏறத்தாழ மூடிய கதவு. அதில் எனக்கு வருத்தமில்லை; இந்தப் பக்கம் கற்பதற்கு நிறைய இருக்கிறது.

பெயரும் ஆண்டும் பற்றி ஐயா சொன்னது பிரவுன் பெஸ்ஸுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். அது ஒரே துவக்கின் பெயரல்ல. நூறு ஆண்டுகளுக்கு மேல் புழங்கிய ஒரு குடும்பத்தின் செல்லப்பெயர். 46 அங்குலக் குழல் கொண்ட நெடிய வடிவம் முதலில் வந்தது. 1768இல் அதை 42 அங்குலமாகக் குறைத்தார்கள். அமெரிக்கப் புரட்சிப் போருக்கு உரியவை இவை இரண்டும். கடைகளில் அதிகம் காணப்படும் பெடர்சோலி நிறுவனத்து நகல் இந்த இரண்டாம் வடிவம்தான். ஆனால் அதன் பூட்டுத் தகட்டில் (பூட்டு என்பது தீ எழுப்பும் பொறியமைப்பு) ‘கிரைஸ் 1762’ என்று, செய்தவர் பெயரும் ஆண்டுமாகப் பொறித்திருக்கும். வடிவம் 1768க்கு உரியது, தகடு 1762 என்கிறது! தகட்டிலுள்ள ஆண்டைப் பார்த்துக் காலத்தைக் குறித்து வைத்தால், அங்கேயே பிழை தொடங்கிவிடும். இளங்கோ அவர்களின் 1770களுக்கு இது மிகப் பொருத்தமானது. விலைதான் புதிதாக 1,000 டாலரைத் தாண்டும்.

மூன்றாவது வடிவத்துக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ‘இந்தியா பேட்டர்ன்’ என்ற அதன் பெயரே கிழக்கிந்தியக் கம்பெனியிலிருந்து வந்தது. கம்பெனி தன் இந்தியப் படைகளுக்காக 39 அங்குலக் குழலோடு, அலங்கார வேலையைக் குறைத்து, எளிதாகவும் மலிவாகவும் செய்வித்த துவக்கு அது. 1793இல் பிரான்சோடு போர் மூண்டு பிரிட்டிஷ் அரசுக்கு ஆயுதம் போதாமல் போனபோது, கம்பெனியிடம் இருந்த துவக்குகளை அரசு வாங்கிக்கொண்டது. சில ஆண்டுகளில் அதையே தன் படைக்கும் பொதுவடிவமாக ஏற்றுக்கொண்டது. கம்பெனியின் சென்னைப் படை 1799 முதல் 1801 வரை பாளையக்காரர்களோடு போரிட்ட காலத்துக்குரிய வகையும் இதுதான். 1812 அக்டோபர் 13 அன்று இங்கே குவீன்ஸ்டன் மேட்டில் அமெரிக்கர்களோடு மோதிய பிரிட்டிஷ் ஜெனரல் புரோக் விழுந்த போருக்குரிய வகையும் இதுதான். டொரொன்டோவின் ஃபோர்ட் யோர்க் கோட்டையில் இந்தத் துவக்கைச் சுட்டுக் காட்டியபோது, அந்த வெண்புகை கலைவதற்குள் என் அப்பா பாஞ்சாலங்குறிச்சிக் கதையைத் தொடங்கிவிட்டார். பத்தாண்டுகளை நிரப்ப வேண்டும் என்றால், 1790களுக்கும் 1810களுக்கும் நடுவே இந்த ஒன்று மிகப் பெரிய இடத்தை நிரப்பும்.

இந்த வடிவத்தை இத்தாலியர்களைவிட இந்தியாவில் செய்பவர்களே அதிகம் அனுப்புகிறார்கள்; விலை ஏறத்தாழ இத்தாலிய நகலில் பாதியளவுதான். ஆனால் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அவற்றில் பல, குழலின் பக்கத்தில் போட வேண்டிய தீத்துளை போடாமல், சுட முடியாத பொருளாகவே கப்பலேறி வருகின்றன. இங்கே விற்பவரோ வாங்குபவரோ பிறகு துளை போட்டுக்கொள்கிறார்கள். இத்தாலிய நகல்களைப் போல அரசு அங்கீகரித்த சோதனைச் சாலையில் மிகைமருந்து வைத்துச் சோதித்த முத்திரை அவற்றில் இருக்காது. அணிவகுப்புக்கும் சுவரில் மாட்டுவதற்கும் நான் அவற்றை மனமாரப் பரிந்துரைப்பேன். குண்டு போட்டுச் சுட வேண்டும் என்றால், குழல் சோதிக்கப்பட்டதற்குச் சான்று இல்லாத எதையும் தோளில் வைக்க மாட்டேன்.

பூட்டைச் சோதிக்காமல் எதையும் வாங்காதீர்கள். கல் வந்து உரசும் எஃகுத் தகடு போதுமான அளவு கடினப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். மென்மையாக இருந்தால் கல் அதைக் கீறிக்கொண்டு போகுமே தவிர, பொறி பறக்காது. நான் வாங்கிய முதல் துவக்கில் பத்து முறை குதிரையை இழுத்துவிட்டால் இரண்டு முறைதான் பொறி விழுந்தது. கல்லின் குற்றம் என்று நினைத்து நான்கு கற்களை மாற்றினேன். கடைசியில் ஒரு கொல்லர் தகட்டைக் கழற்றிப் பழுக்கக் காய்ச்சி மீண்டும் கடினப்படுத்திக் கொடுத்த பிறகு, இருட்டறையில் இழுத்துப் பார்த்தேன். மருந்துக் கிண்ணத்துக்குள் பொறிகள் மழைபோல் கொட்டின.

கைத்துப்பாக்கிக்குத் தடையில்லாத உங்கள் பக்கத்தில், 1800களின் முதல் பத்தாண்டுக்கு ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி 1805 பிஸ்டல் நகலும் நல்லது. அமெரிக்க இராணுவக் காவல்துறையின் சின்னத்தில் குறுக்காக நிற்கும் இரண்டு பிஸ்டல்கள் அவையே. நீண்ட துவக்கைவிடச் செலவு குறைவு.


எழுதியவர்: கதிரவன், ஒஹையோ

பழையது வாங்கலாமா என்ற கேள்வியை யாரும் இன்னும் தொடவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். குறைந்த செலவில் சேர்ப்பவனுக்குப் பழையதுதான் வழி என்பது என் உறுதியான கருத்து. இந்த நகல்களே இப்போது அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உடையவை. டென்னசியில் டர்னர் கெர்க்லண்ட் 1954இல் டிக்ஸி கன் வொர்க்ஸ் என்ற துப்பாக்கி வணிக நிறுவனத்தைத் தொடங்கினார். 1950களின் இறுதியில் வால் ஃபோர்ஜெட் என்ற அமெரிக்க வணிகர் இத்தாலியின் கார்டோனே வால் த்ரோம்பியாவுக்குப் போய் ரிவால்வர் நகல் செய்ய ஆள் தேடினார். 1959இல் ஆல்டோ உபெர்ட்டியின் பட்டறை 1851 நேவியோடு அந்தத் தொழிலைத் தொடங்கியது. 1961 முதல் 1965 வரை உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நிறைவு இங்கே கொண்டாடப்பட்டபோது விற்பனை பெருகியது. அப்போது வாங்கியவர்களின் அலமாரிகளிலிருந்து, ஒரு பெட்டி கேப்கூடத் தீர்க்காத துப்பாக்கிகள் இப்போது வெளியே வருகின்றன. இந்தியானாவின் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில், 1933இல் தொடங்கிய தேசிய வாய்வழித் துப்பாக்கி (குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் இடுவது) சங்கத்தின் சுடுகளம் இருக்கிறது. அங்கே போட்டிகள் நடக்கும் நாள்களில் வணிகர்களின் வரிசையில் நடந்தாலே பாதி கல்வி கிடைத்துவிடும். உங்களால் ஒருமுறையேனும் வர முடிந்தால் வாருங்கள்.

இத்தாலிய நகல் எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதை அதிலேயே படித்துக்கொள்ளலாம். கார்டோனேயின் சோதனைச் சாலை ஒவ்வொன்றிலும் முத்திரை குத்துகிறது. ‘பி.என்.’ என்ற இரண்டெழுத்து முத்திரை கருமருந்துக்கு மட்டும் என்பதைக் குறிக்கும். அதனருகே ஒரு சிறு கட்டத்துக்குள் ஆண்டுக்குறி இருக்கும்: 1974 வரை ரோமானிய எண், 1975இலிருந்து இரண்டு எழுத்துகள். 1975க்கு ‘ஏ.ஏ.’, அடுத்த ஆண்டுக்கு ‘ஏ.பி.’ என்று தொடங்கும். விற்பவர் அசல் என்று சொன்னாலும், பெயர் தெரியாத பழைய துப்பாக்கி என்று சொன்னாலும், முதலில் இந்த முத்திரைகளைத் தேடுங்கள். அவற்றை யாரேனும் அரம் வைத்துத் தேய்த்திருந்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

1830களுக்கு நீங்கள் குறித்த ஹாக்கனைப் பழையதாகத்தான் வாங்க வேண்டும். ஆனால் எந்த ஹாக்கன் என்பது முக்கியம். ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் செயின்ட் லூயிஸில் செய்த துப்பாக்கி கனத்த குழலும், அலங்காரமற்ற இரும்புப் பூண்களும் கொண்டது. 1970இல் வந்த தாம்சன் சென்டர் ஹாக்கன் ஆயிரக்கணக்கானோரைக் கருமருந்துக்கு அழைத்து வந்த அருமையான துப்பாக்கி. என்னையும் அதுதான் அழைத்து வந்தது. ஆனால் பளபளக்கும் பித்தளைப் பூண்களோடு இருக்கும் அது 1830களின் ஹாக்கன் அல்ல. இத்தாலியில் செய்து லைமன் பெயரில் விற்ற ‘கிரேட் பிளெயின்ஸ்’ ரைஃபிள் அந்தச் சகோதரர்களின் வடிவத்துக்கு நெருங்கியது. பழையதாக வந்தால் விடாதீர்கள்.

இனி எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்கிறேன். முதலில், உள்ளே மருந்தும் குண்டும் இல்லை என்பதை நீங்களே உறுதி செய்யுங்கள். இடிகோலைக் குழலுக்குள் இறக்கி, வாய் மட்டத்தில் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டு, வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடிமுனை தீத்துளைக்கோ கேப் முளைக்கோ நேராக வர வேண்டும். இரண்டு மூன்று விரற்கிடை முன்னாலேயே நின்றால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். முப்பது ஆண்டுகளாகச் சுவரில் தொங்கிய துப்பாக்கிக்குள் மருந்து நிரம்பியிருந்ததை நான் இரண்டு முறை கண்டிருக்கிறேன். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை ஆண்டானாலும் வெடிக்கும்.

பிறகு சிறு விளக்கைக் குழலுக்குள் இறக்கிப் பாருங்கள். கருமருந்தின் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். ஒரே ஓர் இரவு கழுவாமல் விட்டால் காலையில் செந்துரு பூத்திருக்கும். வாயருகே வழவழப்பாகவும் அடியில் குழிகுழியாகவும் இருந்தால், முன் உரிமையாளர் மேலோட்டமாகவே துடைத்திருக்கிறார். கேப் முளைகளைச் சாவி வைத்துத் திருப்பிப் பார்க்க அனுமதி கேளுங்கள். துருவேறி அசையவில்லை என்றால், அந்தச் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள். கோல்ட் வகையில் குழலைச் சட்டகத்தோடு பிணைப்பது ஓர் ஆப்பு மட்டுமே என்பதால், அந்த ஆப்பு இறுகியிருக்கும்போது குழல் ஆடக் கூடாது.

கழுவ வெந்நீரும் சோப்பும் போதும். அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்புத் தண்ணீர் வரும். அது தெளிந்து வரும்வரை கழுவி, சூட்டிலேயே உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். குழலில் ‘கருமருந்துக்கு மட்டும்’ என்று பொறித்திருப்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளுங்கள். புகையற்ற மருந்தைச் சிறிதளவு போட்டாலும் குழலோ உருளையோ சிதறும். கையும் கண்ணும் போகும்.


எழுதியவர்: இளங்கோ, பென்சில்வேனியா

மூவருக்கும் மனம் நிறைந்த நன்றி. என் வரிசையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதியிருக்கிறேன். பத்தாண்டுக்கு ஒன்று என்ற கணக்கையும் விட்டுவிட்டேன். தீ எழுப்பும் முறை மாறிய இடங்களைப் பிடித்துக்கொண்டு ஏழு துப்பாக்கிகளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. சிவகாமி அவர்கள் சொன்ன இந்தியா பேட்டர்ன் என் மனத்தில் ஆழமாகத் தங்கிவிட்டது. அதைச் சுவருக்காக மட்டுமே வாங்கப் போகிறேன்.

நேற்று இங்கே ஒரு பழைய பொருள் கடையில் 36 காலிபர் 1851 நேவி ஒன்றைப் பார்த்தேன். எஃகுச் சட்டகம், ‘பி.என்.’ முத்திரையும், கட்டத்துக்குள் ரோமானிய எண்ணும் தெளிவாக இருக்கின்றன. கடற்போர்க் காட்சியில் பாய்மரங்களைக்கூட எண்ண முடிகிறது. 220 டாலர் கேட்கிறார்கள். குழல் உள்ளே வழவழப்பாக இருக்கிறது. ஆப்பு மட்டும் முழுவதும் உள்ளே போய்விட்டது. அப்படியிருந்தும் குழலைப் பிடித்து அசைத்தால் மயிரிழை ஆட்டம் தெரிகிறது. விடுவதா, வாங்குவதா?


எழுதியவர்: முத்துவேல், டெக்சஸ்

வாங்குங்கள் தம்பி. எஃகுச் சட்டகம் என்பதால் அந்த ஆட்டத்துக்குப் பெரும்பாலும் தேய்ந்த ஆப்புதான் காரணமாக இருக்கும். புது ஆப்பு சில டாலர்களுக்குக் கிடைக்கும். செய்த நிறுவனத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், ஏனென்றால் ஒரு நிறுவனத்து ஆப்பு இன்னொன்றுக்குப் பொருந்தாது. சட்டகத்திலிருந்து நீளும் நடு அச்சின் வெட்டுத் துளையை மட்டும் வெளிச்சத்தில் பாருங்கள். அதன் விளிம்பு நசுங்கி வட்டமாகியிருந்தால் ஆப்பு மாற்றியும் பயனில்லை. அப்போது மட்டும் விட்டுவிடுங்கள்.

வாங்கிய பிறகு குழலைத் தனியே கழற்றி வைத்துவிட்டு, அச்சு குழலின் துளைக்குள் அடிவரை போய் முட்டுகிறதா என்றும் பாருங்கள். சில நகல்களில் நூலளவு குறைவாக நிற்கும். அப்படியிருந்தால் ஆப்பை இறுக்க இறுக்கக் குழல் உருளையின் மேல் சாய்ந்து, உருளை சுழலாமல் சிக்கும். துளையின் அடியில் அளவாக ஒரு சிறு எஃகு வில்லையை இட்டால் சரியாகிவிடும்.

முதல் முறை சுடும்போது 0.375 அங்குல ஈயக் குண்டு, 20 கிரெயின் மூன்று எஃப் (நுண்ணிய மணிகள் கொண்ட வகை) கருமருந்து என்ற அளவில் தொடங்குங்கள். குண்டை நெம்புகோலால் இடித்து இறக்கும்போது, அறையின் விளிம்பு ஈயத்தை மெல்லிய வளையமாகச் செதுக்கி வெளியே தள்ள வேண்டும். வளையம் முழு வட்டமாக விழுந்தால் அறை இறுக்கமாக அடைபட்டிருக்கிறது. பக்கத்து அறைக்குத் தீ தாவாது. குண்டுகளின் மேல் கொழுப்பையும் தடவிவிடுங்கள். அந்த வளையங்களில் ஒன்றை எடுத்து மகளிடம் கொடுங்கள்; என் மகன் தன்னுடையதை இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறான்.